ஒரு பிடி உப்பும் ஒரு திறப்பும்

வணக்கம் சேர்,

மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். போன கிழமை உப்புச் சத்தியாக்கிரகம் பாடம். காந்தி 11 கோரிக்கைகள் வைத்தார், தண்டிக்கு நடந்தார், 60,000 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள், ஒரு வருடம் கழித்து வைஸ்ராய் இர்வின் பிரபுவோடு ஒப்பந்தம் செய்தார் என்று சொல்லிக்கொண்டு போனேன். பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் எழும்பி, "டீச்சர், 11ல எத்தினை கிடைச்சது?" என்று கேட்டான். எண்ணிப் பார்த்தேன். கையில் வந்தது உப்பு மட்டும்தான், அதுவும் அரைகுறையாக. "அதுக்கா இவ்வளவு பேர் அடி வாங்கினவை?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. ஒப்பந்தம் எழுதி 18 நாளில் பகத்சிங்கைத் தூக்கிலிட்டதையும் அதற்குப் பிறகுதான் சொல்லவேண்டி இருந்தது.

வீட்டில் பெரியமாமாவிடம் சொன்னேன். அவருக்கு 86 வயது. "மேசைக்குப் போனாலே தோத்த மாதிரித்தான் பிள்ளை. 57ல எங்களுக்கும் அதுதான் நடந்தது. 31ல யாழ்ப்பாணத்துப் பெடியங்கள் எலக்சனே வேண்டாம் எண்டு விட்டாங்கள். அதுதான் ஆம்பிளைத்தனம்" என்றார். 57 என்றது பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை, 31 என்றது வாலிபர் காங்கிரஸின் தேர்தல் புறக்கணிப்பை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? போராட்டம் பேச்சுவார்த்தைக்குப் போவதே தோல்வியா?

க., மூதூர்

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பெடியனுக்கு ஒரு சபாஷ். நானும் 31 வருடம் படிப்பித்தவன். வழிகாட்டிப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி எப்போதும் பின்வாங்கிலிருந்துதான் வரும். உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பதிலும் நீளம். ஒரு பிளேன்ரீ ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அவன் கணக்குக் கேட்டிருக்கிறான், கணக்கிலிருந்தே தொடங்குவோம். அந்த 11 கோரிக்கைகளும் 1930 ஜனவரி கடைசியில் காந்தி தன் 'யங் இந்தியா' பத்திரிகையில் எழுதியவை. வகுப்பில் வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் இன்னும் சிரிப்பார்கள். மதுவிலக்கு வேண்டும். ரூபாயின் மாற்று விகிதத்தைக் குறைக்கவேண்டும். நிலவரி பாதியாகவேண்டும். உப்புவரி போகவேண்டும். இராணுவச் செலவும் பெரிய உத்தியோகத்தர் சம்பளமும் பாதியாகவேண்டும். அந்நியத் துணிக்குத் தீர்வை, கரையோரக் கப்பலோட்டம் இந்தியக் கப்பல்களுக்கு (துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்குக் கண் இதில்தான் போய் நிற்கும்), அரசியல் கைதிகள் விடுதலை, இரகசியப் பொலிஸை எடுத்துவிடுவது, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசன்ஸ். இவ்வளவும்தான். சுதந்திரம் என்ற சொல்லே இந்தப் பட்டியலில் கிடையாது. லாகூரில் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் என்று தீர்மானம் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நேருவே இதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

என் வாசிப்பு இது. அந்தப் பட்டியலில் ஆளுக்கொரு வரி இருந்தது. கமக்காரனுக்கு நிலவரி, வியாபாரிக்கு ரூபாய் விகிதம், ஆலைக்காரனுக்குத் துணித் தீர்வை, கப்பல்காரனுக்குக் கரையோரம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது நாலாவதாக வந்த உப்பு ஒன்றுதான். மார்ச் 2ஆம் தேதி இர்வினுக்குக் கடிதம் போனது. கவலை தெரிவித்து அவருடைய செயலாளர் நாலு வரி எழுதினார். 12ஆம் தேதி சபர்மதியிலிருந்து 78 பேரோடு புறப்பட்டதும், 24 நாள் நடந்ததும், ஏப்ரல் 6ஆம் தேதி தண்டிக் கரையில் உப்பு எடுத்ததும் நீங்கள் படிப்பித்ததுதானே.

பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடம் வேதாரணியம். எனக்குத் தண்டியைவிட அதுதான் கிட்ட. வல்வெட்டித்துறையிலிருந்து நேரே கடலைத் தாண்டினால் அந்தக் கரை. ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நூறு பேரளவில் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஏறத்தாழ 150 மைல், 15 நாள். தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் என்பவர், இவர்களுக்குச் சோறு போட்டாலும் திண்ணையில் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அறிவித்துவிட்டார். சனம் என்ன செய்தது? சோற்றுப் பொட்டலத்தை வழியில் இருந்த மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனது. யார் கட்டியது என்று மரத்திடமா கேட்பது! வேதாரணியத்தில் வைரப்பன் என்று ஒரு நாவிதர். சவரம் செய்துகொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவன் பொலிஸ்காரன் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்றும், முடித்துக் கொடுக்க மறுத்ததற்காகச் சிறைக்குப் போனார் என்றும் சொல்வார்கள். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது.

உங்கள் பெடியன் "அடி வாங்கினவை" என்று ஒரே சொல்லில் சொன்னதற்குள் இவ்வளவும் இருக்கிறது. அடி வாங்கியது மட்டும் என்றில்லை. ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், அல்லது செய்ய மறுத்திருக்கிறார்கள். இந்தக் 'கை' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்ப வருவேன்.

இனி டெல்லி. 1931 ஜனவரி 26 அன்று காந்தியை விடுதலை செய்தார்கள். பெப்ரவரி 17 அன்று இர்வினோடு பேச்சுத் தொடங்கியது. மார்ச் 5 அன்று உடன்படிக்கை. அந்த 11 கோரிக்கைகளும் அப்படியே மேசைக்குப் போகவில்லை, ஆகவே 11இல் எத்தனை என்று மார்க்ஸ் போட முடியாது. கிடைத்தவற்றில் உப்பைத் தவிர வேறும் உண்டு. வன்முறைக் குற்றம் இல்லாத கைதிகள் வெளியே வந்தார்கள். அவசரச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. கடை வாசலில் அமைதியாக மறியல் செய்யலாம் என்று வந்தது. பறிமுதல் செய்த சொத்து, இன்னும் வேறு ஆளுக்கு விற்காமல் இருந்தால், திரும்பக் கிடைக்கும். பதிலுக்குச் சட்டமறுப்பை நிறுத்தவேண்டும், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு வரவேண்டும்.

கிடைக்காததைப் பூசி மெழுகக் கூடாது. 'விற்காமல் இருந்தால்' என்ற அந்த இரண்டு சொல்லில் குஜராத்தில் எத்தனையோ கமக்காரர் காணி போனது. பெஷாவரில் கூட்டத்தின்மேல் சுடமாட்டோம் என்று துப்பாக்கியைத் தாழ்த்திய கார்வாலிச் சிப்பாய்களுக்கு மன்னிப்பு இல்லை. பொலிஸ் அட்டூழியங்களை விசாரிக்கவேண்டும் என்று காந்தி கேட்டார். அதில் பெரிய சிரமம் இருக்கிறது என்றது அரசாங்கம். வற்புறுத்தவில்லை என்று காந்தி ஒத்துக்கொண்டதாக உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. தாராசனா உப்பளத்தில் தடியடியில் மண்டை உடைந்தவர்களின் கட்டு அவிழ்க்க முன்னமே அந்த வரி எழுதப்பட்டுவிட்டது என்றுதான் எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் தோன்றும். பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரைப் பற்றியும் காந்தி இர்வினிடம் பேசினார். ஆனால் நிபந்தனையாக வைக்கவில்லை. மார்ச் 23 லாகூர். சில நாளில் கராச்சி மாநாட்டுக்குப் போன காந்தியைக் கறுப்புக் கொடியோடு வரவேற்றார்கள். அந்த இளைஞர்களில் ஒருவனாக நான் இருந்திருந்தால் நானும் ஒரு கொடி பிடித்திருப்பேன். இதை வகுப்பில் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, உப்புக்கு வருவோம். அந்த வாசகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உப்புச் சட்டத்தை மீறியதை ஏற்க முடியாது, சட்டத்தைப் பெரிதாக மாற்றவும் முடியாது என்றுதான் தொடங்குகிறது. பிறகு, ஏழை எளியவர்களுக்கு ஆறுதலாக, உப்பு விளைகிற இடத்தை அடுத்த ஊர்ச்சனம் தங்கள் வீட்டுக்கும் தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுக்கலாம், காய்ச்சலாம், ஊருக்கு வெளியே உள்ளவனுக்கு விற்கக் கூடாது என்று போகிறது. ஒரு சாம்ராச்சியம் தன் கௌரவத்தை விடாமல் எப்படி வளைந்து கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சட்டம் அப்படியே நிற்கிறது. உப்புவரி 1947 வரைக்கும் இருந்தது. ஆனால் மார்ச் 6ஆம் தேதி விடிய வேதாரணியத்தில் ஒரு பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் உப்பு வாரலாம். அதற்கு அவளுக்கு இன்னொரு ஆளின் கையெழுத்து வேண்டாம், லண்டனில் ஒரு மாநாடு கூடவேண்டாம்.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கியது அல்ல. என் அம்மம்மா வீடு நிலாவெளி. எங்கள் நாட்டிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பழைய சட்டம் சும்மா கிடக்கவில்லை. அறுபதுகளில் நான் சின்னப் பெடியன். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று முகத்தைச் சுட அடிக்கும்போது களப்பு ஓரத்தில் தண்ணீர் வற்றி, முதலில் பாலாடை மாதிரி ஒரு ஏடு மிதக்கும். இரண்டு நாளில் அது தாழ்ந்து அடியில் வெள்ளையாக உறையும். அம்மம்மா விடியக் கருக்கலில் என்னையும் இழுத்துக்கொண்டு போவா. கையில் ஒரு சிரட்டை. மேலாக வழிக்கவேண்டும், அழுத்தினால் கீழே உள்ள கறுப்புச் சேறு ஏறிவிடும். வழித்ததை அந்த உப்புத் தண்ணியிலேயே அலசுவா. நல்ல தண்ணியில் அலசினால் உப்பு கரைந்து போய்விடும் என்பது நான் வாழ்க்கையில் கற்ற முதல் இரசாயனப் பாடம். பிறகு ஓலைப் பெட்டியில் போட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவா. நாலைந்து நாள் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும். நாக்கில் வைத்தால் வேப்பங்காய். அந்தக் கசப்பு வடிந்த பிறகுதான் அது சமையலுக்கு ஆகும்.

திரும்பி வரும்போது பெட்டிக்கு மேலே ஒரு பிடி கீரை பரப்பியிருக்கும். காவல்காரர் எதிரில் வந்தால் "கீரை ஆய வந்தனான் தம்பி" என்பா. அந்தக் காவல்காரருக்கும் அது தெரியும். அவருடைய வீட்டு உப்பு எங்கிருந்து வந்தது என்று அம்மம்மாவுக்கும் தெரியும். தன் முற்றத்துக்கு முன்னால் விளைந்ததைக் கீரைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு வருகிற ஒரு மனுஷிக்கு அந்த 1931 வாசகத்தை வாசித்துக் காட்டியிருந்தால், "கொஞ்சம்தான் தந்திருக்கிறான்" என்று சொல்லியிருக்க மாட்டா.

இன்னொன்று சொல்லவேண்டும், இது ஊர்க்கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால், எங்கள் மாவட்டத்தில் நான் படிப்பித்த ஒரு கிராமத்தில் தண்ணிப் பிரச்சினை. பெண்கள் வெறுங்குடத்தோடு ஒரு அலுவலகத்து வாசலில் இரண்டு நாள் இருந்தார்கள். ஐந்து கோரிக்கைகள். மகஜர் எழுதிக் கொடுத்தது நான்தான், ஆகவே கூட்டத்திலும் ஒரு கதிரை கிடைத்தது. புதுக் குழாய், இரண்டாவது தாங்கி, கிழமைக்கு மூன்று பவுசர், பழைய கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது, இவை நாலு. ஐந்தாவது, தாங்கி அறைப் பூட்டின் திறப்பு. திறப்பு வைத்திருந்தவர் பட்டினத்திலிருந்து வரவேண்டும். அவர் வராத நாளில் தாங்கியில் தண்ணீர் இருந்தும் குழாயில் வராது. அதிகாரி பண்பான மனுஷன். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தந்தார். நாலு கோரிக்கைக்கும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஐந்தாவதுக்கு மட்டும் மேசை லாச்சியைத் திறந்து, மேலதிகத் திறப்பை எடுத்து, முன்னால் இருந்த ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம். வெளியே வந்து, "ஐந்தில் நாலைக் காகிதத்தில் வாங்கிவிட்டோம், திறப்புக்கு மட்டும் எழுத்து வாங்கவில்லை" என்று மற்றவர்களிடம் புலம்பினேன். மகஜர் எழுதினவனுக்கு எழுத்துத்தானே பெரிது. அந்த நாலும் இன்றுவரை ஆவன செய்யப்படுகின்றன. திறப்பு அந்த அக்கா வீட்டுச் சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இரண்டு அதிகாரிகள் மாறிவிட்டார்கள். திறப்பைத் திரும்பக் கேட்கிற தைரியம் ஒருவருக்கும் வரவில்லை.

இனிப் பெரியமாமாவின் 1931. அவர் சொல்கிற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைப் பற்றி எனக்கும் மரியாதை உண்டு. ஹண்டி பேரின்பநாயகமும் அவரோடு நின்றவர்களும் சாதிக்கு எதிராக நின்ற விதத்துக்கு இன்றைக்கும் நாங்கள் கிட்ட வரவில்லை. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு தருவது சுயராச்சியம் அல்ல, எங்களுக்குப் பூரண சுயராச்சியம் வேண்டும் என்று புறக்கணித்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நாலு தொகுதியிலும் ஒரு வேட்புமனுக்கூட விழவில்லை. ஒரு அமைப்பு சொல்லி நாலு தொகுதி அடங்கி நின்றது சின்னக் காரியமில்லை.

ஆனால் மாமாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, 'ஆம்பிளைத்தனம்' என்கிறாரே, அந்த 1931 ஏப்ரல் மாநாட்டுக்கு யாழ்ப்பாணம் வந்து தலைமை தாங்கியவர் கமலாதேவி சட்டோபாத்தியாய், ஒரு பெண். பம்பாயில் சட்டத்தை மீறி உப்பு விற்றுச் சிறைக்குப் போனவர். அதாவது தண்டி உப்பு எங்கள் புறக்கணிப்பிலும் கலந்திருக்கிறது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவருடைய காங்கிரஸ் அப்போதுதான், ஒரு மாதத்துக்கு முன்னால், குறைத்து வாங்கிக்கொண்டு லண்டன் மேசைக்குப் போகச் சம்மதித்திருந்தது. அதே வாரங்களில் யாழ்ப்பாணம் முழுசாகத் தந்தால் தா, இல்லாவிட்டால் மேசையே வேண்டாம் என்றது.

இரண்டு, அந்தத் தேர்தல்தான் இந்த நாட்டில் பெண்கள் உட்பட 21 வயதான எல்லோருக்கும் வாக்குக் கிடைத்த முதல் தேர்தல். யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல்தரம் கையில் ஒரு வாக்கு வந்தது. அதைப் போடப் பெட்டி இல்லை. தெற்கு பின்னால் வரும் என்று எதிர்பார்த்தார்கள். தெற்கில் கை தட்டினவர்கள் இருந்தார்கள், ஆனால் தேர்தலில் நின்றார்கள். எங்கள் கிழக்குக்கு அந்தப் புறக்கணிப்பு வந்து சேரவே இல்லை. 1934இல் இடைத்தேர்தல் நடந்து அந்த நாலு கதிரையிலும் ஆட்கள் உட்கார்ந்தபோது, பேச்சு சுயராச்சியத்தை விட்டு இனவாரிக் கணக்குக்கு மாறிவிட்டது. 1936இல் அமைந்த மந்திரிசபையில் ஏழு பேரும் சிங்களவர். இதற்கெல்லாம் அந்த இளைஞர்கள்மேல் பழி போட முடியாது, பெரியவர்கள் செய்த வேலை அதில் நிறைய. ஆனால் அதுதான் நேர்மை, மற்றது தோல்வி என்று பிரிக்கிற மாமாவின் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

57இல் மாமா நொந்திருப்பது நியாயம். அது காலனி ஆட்சி அல்ல, சுதந்திர நாடு. அதனால் நோவு இன்னும் கூட. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாடு எங்கள் திருமலையில், திருகோணமலையில்தான் கூடியது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நடந்தே வந்தார்கள். சமஷ்டி, மொழிக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, குடியேற்றத்தை நிறுத்துவது என்று நாலு. ஒரு வருடத் தவணை, இல்லாவிட்டால் சத்தியாக்கிரகம். 1957 ஜூலை 26 அன்று பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம். சமஷ்டி போய்ப் பிராந்திய சபைகள் வந்தன. சம அந்தஸ்து போய்த் தேசிய சிறுபான்மையினரின் மொழி என்ற அங்கீகாரம் வந்தது. குடியுரிமை பிறகு பார்ப்போம் என்றானது. சத்தியாக்கிரகம் கைவிடப்பட்டது. குறைத்து வாங்கியதற்காக நான் செல்வநாயகத்தைக் குறை சொல்ல மாட்டேன். காந்தி வாங்கியதும் குறைத்துத்தான்.

நான் கேட்பது வேறு. ஜூலை 27 விடிய மூதூரில் ஒரு ஆள் எழும்பி, அந்த ஒப்பந்தத்தின்படி என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாது. பிராந்திய சபைக்குச் சட்டமூலம் வரவேண்டும், அதை நாடாளுமன்றம் நிறைவேற்றவேண்டும், எல்லாம் கொழும்பில். இங்கே காத்திருக்கலாம். எதிர்த்தவர்களுக்கோ அன்றைக்கே வேலை இருந்தது. ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார், இம்புல்கொடையில் மறிக்கப்பட்டார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குமார் பிரதமர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் முடிந்தது. எங்கள் பக்கத்துக்கும் இடையில் ஒரு வேலை கிடைத்தது, அது வாகனத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்குத் தார் பூசுகிற வேலை. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குப் பதில் தார். அந்தத் தாருக்கும் ஒப்பந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதை உடைக்க உதவியது என்பதைத் தவிர.

அதே 57இல் அதே பிரதமர் பண்டாரநாயக்க திருமலையைப் பற்றி இன்னொரு பேச்சுவார்த்தையும் நடத்தினார் என்பதை நாங்கள் அவ்வளவாக ஞாபகம் வைப்பதில்லை. 1947 பாதுகாப்பு உடன்படிக்கையின்படி வெள்ளைக்காரனிடமே இருந்த கடற்படைத்தளம். அதைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டார், தந்தார்கள். 1957 ஒக்டோபர் 15 அன்று கொடி இறங்கியதை என் அப்பா ஆட்களோடு ஆளாக நின்று பார்த்தவர். "கப்பலை எண்ணிப் பார்த்தனாங்கள்" என்பார். சூயெஸ் கால்வாய் நெருக்கடிக்குப் பிறகு பிரித்தானியாவுக்கும் கை சுருங்கியிருந்தது, அதுவும் ஒரு காரணம். ஆனாலும் பாருங்கள், அந்த உடன்படிக்கையில் ஒவ்வொரு தரப்பும் தன் பங்கைத் தானே செய்ய முடிந்தது. ஒருவன் கொடியை இறக்கவேண்டும், மற்றவன் ஏற்றவேண்டும். செய்தானா இல்லையா என்று கரையில் நிற்கிற எவனும் பார்க்கலாம். மற்ற ஒப்பந்தத்தில் எங்கள் சனத்துக்கு ஏற்றவோ இறக்கவோ ஒன்றும் கொடுக்கவில்லை.

ஆகவே மேசைக்குப் போனதா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை. கடைசி ஆள் மறுநாள் காலையில் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான் என்று பார்ப்பேன். இந்த அளவுகோலும் முழுசாகச் சரியில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பகத்சிங்கின் உயிரை எந்தச் சிரட்டையாலும் வழித்து எடுத்திருக்க முடியாது. அதற்கு இர்வினின் பேனா ஒன்றுதான் வழி. பேனாவால் மட்டும் ஆகக்கூடியதற்குக் காந்தி இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்கவேண்டும் என்பது என் மனக்குறை. அது போகாது.

பெடியனுக்கு என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள். பதில் சொல்லவேண்டாம். அந்த உப்பு வாசகத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மார்ச் 6ஆம் தேதி கரையோரத்துப் பெண் ஒருத்தி என்னென்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அவனையே பட்டியல் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் 57 ஒப்பந்தத்தை எழுதி அதற்கும் ஒரு பட்டியல்.

பெரியமாமாவுக்கு என் வணக்கம். 56இல் அவருக்குப் பதினேழு வயதளவில் இருந்திருக்கும். திருமலைக்கு நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவரா என்று கேளுங்கள். ஆம் என்றால், எந்த வழியால் வந்தார், இரவு எங்கே படுத்தார், யார் சோறு போட்டார்கள் என்று உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். அரசியலைப் பற்றிப் பேசத் தொடங்குவார், விடாமல் சோற்றுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

ஆவணியில் வகுப்பை நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு வர முடிந்தால் சொல்லுங்கள், உப்பு உறைகிற இடம் ஒன்று இன்னும் எனக்குத் தெரியும். ஆளுக்கொரு சிரட்டை கொண்டு வரட்டும். கீரை நான் வாங்கி வைக்கிறேன்.